நீலகிரி வண்டிக்கு ஃபாஸ்டேக்: இறங்கும் முன் மலையிலேயே முடிக்க வேண்டியவை

நீலகிரி மாவட்டத்துக்குள் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி ஒன்றுகூடக் கிடையாது. குன்னூர் வழியாக இறங்கினாலும் கோத்தகிரி வழியாக இறங்கினாலும் மேட்டுப்பாளையம் வரை டோல்கேட் இல்லை. அங்கிருந்து கோவை போகும் சாலையிலும் இல்லை. மலைக்காரர்களின் ஃபாஸ்டேக் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. சேலத்திலோ ஈரோட்டிலோ இருக்கும் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை சாவடியைத் தாண்டும். டேக்கில் கோளாறு என்றால் அந்த வாரமே தெரிந்துவிடும். ஊட்டி வண்டி அப்படியில்லை. நான்கு மாதம் மலையிலேயே ஓடிவிட்டு ஒரு கல்யாணத்துக்கோ, ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கோ இறங்கும்போது, விஜயமங்கலம் சாவடியில் தடுப்புக் கம்பி மேலே எழாமல் நிற்கும்போதுதான் டேக் செத்துப்போயிருப்பது தெரியவரும். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

சேவையாகப் பார்த்தால் ஃபாஸ்டேக் நல்ல சேவை. சரியாக ஒட்டி, சரியான பதிவு எண்ணோடு இணைத்து, பணமும் இருந்தால் சாவடியில் கண்ணாடியைக்கூட இறக்க வேண்டியதில்லை. ஆனால் பராமரிப்பு முழுவதும் வண்டிக்காரர் தலையில்தான். அதைக் கல்லாறு தாண்டிய பிறகு செய்யலாம் என்று விட்டால் காசுதான் போகும்.

எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன்தான். டேக் இல்லாமலோ செல்லாத டேக்கோடோ நுழைந்தால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு என்று ஆனது. 2025 நவம்பர் 15 முதல் அதில் ஒரு தளர்வு வந்தது: அதே வண்டி யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. 100 ரூபாய்ச் சாவடியில் அப்போது ரொக்கம் என்றால் 200, யுபிஐ என்றால் 125. ஆகவே டேக் ஓடவில்லை என்று சாவடியில் சொன்னால் பர்ஸைத் தேட வேண்டாம், போனை எடுங்கள். சாவடி ரீடரே பழுதாகி, உங்கள் டேக் செல்லுபடியாகவும் பணத்தோடும் இருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பூஜ்யம் ரூபாய் என்று ஒரு ரசீது கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது 2018 முதலே விதி. இது பலருக்குத் தெரிவதில்லை. கேட்டு வாங்குங்கள்.

ஒட்டுவது

டேக்குக்குள் பேட்டரி எதுவும் இல்லை. சாவடிக் கூரையில் இருக்கும் ரீடர் அனுப்பும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைதான் அதை எழுப்புகிறது. ஸ்டிக்கருக்குள் நடுவில் கடுகு அளவில் ஒரு சிப், அதன் இரு பக்கமும் மெல்லிய உலோகக் கோடாக ஆன்டெனா. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடு தெரியும். அந்தக் கோட்டில் ஒரு மடிப்பு விழுந்து விரிசல் கண்டால் டேக் முடிந்தது. பார்வைக்குப் புத்தம் புதிதாகவே இருக்கும், ரீடருக்கு மட்டும் தெரியாது.

மலை வண்டிகளில் டேக் ஓரம் சுருண்டு உரிவதற்குக் காரணம் ஈரம். ஊட்டியில் காலை ஒன்பது மணிக்குக்கூடக் கண்ணாடியின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருக்கும். அதன் மேல் ஒட்டினால் பசை கண்ணாடியைப் பிடிக்காது. ஒட்டியபோது சரியாகத்தான் இருக்கும். இரண்டு மழை போனதும் மேல் ஓரம் எழும்பும். எனவே நல்ல வெயில் இருக்கும் நடுப்பகலில் ஒட்டுங்கள். பத்து நிமிடம் புளோயரைச் சூட்டில் வைத்துக் கண்ணாடியைக் காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு முறை. டேக்கின் நடுவில் விரலை வைத்து ஓரங்களை நோக்கி அழுத்திக்கொண்டே வர வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அன்று முழுவதும் அந்த இடத்தில் ஈரத் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம்: கண்ணாடியின் உள்பக்கம், மேலே நடுவில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால். பழைய ஜீப்புகளில் கண்ணாடிச் சட்டம் இரும்பு; அதை ஒட்டியே டேக்கை வைத்தால் உலோகம் அலையைக் கெடுக்கும். சட்டத்திலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஒட்டுங்கள். வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி உள்ள கார்களில் மேல் நடுவில் கறுப்புப் புள்ளிகள் போட்ட பகுதி இருந்தால், அந்தப் பகுதிக்குள்தான் சிக்னல் நன்றாகப் போகும்.

உரிந்த டேக்கை செலோடேப் போட்டு ஒட்டுவதோ, டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு சாவடியில் கையில் தூக்கிக் காட்டுவதோ இனி நடக்காது. ஒட்டாத டேக்கைக் கண்டால் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சாவடிகளுக்குச் சொல்லிவிட்டது. டேக் கொடுத்த வங்கியிலேயே மாற்று டேக் கேளுங்கள். அதே வங்கிக் கணக்கில்தான் இருப்புத் தொகையும் தொடரும்.

முந்தின இரவு வேலை

இறங்குவதற்கு முந்தின இரவு, வீட்டில் சிக்னல் இருக்கும்போதே மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: இருப்பு, கேஒய்சி (வங்கியில் கொடுத்த அடையாள விவரம்), டேக்கின் நிலை. மலைப்பாதையில் பர்லியாறு சுற்றி ரீசார்ஜ் செய்ய முயன்றால், பணம் வங்கியிலிருந்து போயிருக்கும், டேக்கில் ஏறியதா என்று குறுஞ்செய்தி மட்டும் வராது. மறுபடியும் போடுவார்கள். இரண்டு முறை ஏறிவிடும்.

டேக்கின் நிலையை வங்கிச் செயலியில் மட்டும் பார்த்தால் போதாது. தேசிய பேமென்ட்ஸ் கழகத்தின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அந்த எண்ணில் எந்தெந்த வங்கியின் டேக் இருக்கிறது, எது உயிரோடு இருக்கிறது என்று வரும். வங்கிச் செயலி ‘ஆக்டிவ்’ என்று காட்டிக்கொண்டிருக்கையில் கழகத்தின் பட்டியலில் தடைபட்டிருப்பதும் உண்டு. மாதக்கணக்கில் ஓடாத வண்டிக்கு இது கட்டாயம். 2024 ஆகஸ்ட் முதல் வந்த விதிப்படி 3 ஆண்டு தாண்டிய டேக்குக்குக் கேஒய்சியைப் புதுப்பிக்க வேண்டும், 5 ஆண்டு தாண்டியதை மாற்றவே வேண்டும். 2019-20இல் எல்லாரும் அவசரமாக வாங்கி ஒட்டினார்களே, அந்தத் தலைமுறை டேக்குகள் எல்லாம் இதில் அடிபட்டன. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் டேக் இன்னும் கண்ணாடியில் இருந்தால் அதில் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2024 மார்ச் 15க்குப் பிறகு பணம் ஏற்ற முடியாது. அதை மூடிவிட்டு வேறு வங்கியில் எடுக்க வேண்டும்.

கடைசி நேர ரீசார்ஜ் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் டேக்கின் நிலையை உடனுக்குடன் பார்க்கின்றன. வரிசையில் நிற்கும்போது பணம் போட்டாலும் பெரும்பாலும் வேலை செய்யும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் சிலவற்றில் பழைய முறை. அங்கே தடைப் பட்டியல் அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்படும். டேக் ஒரு மணி நேரத்துக்கு மேல் தடையில் இருந்து, ரீடர் படித்த பத்து நிமிடத்துக்குள்ளும் தடை நீங்கவில்லை என்றால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். ஆகவே மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிற்கிறீர்கள் அல்லவா, அதுதான் கடைசி இடம். அங்கே சிக்னல் நன்றாக இருக்கும், அவினாசி போய்ச் சேரவும் நேரம் இருக்கிறது.

இதற்கெல்லாம் நல்ல மருந்து தானியங்கி ரீசார்ஜ். இருப்பு நீங்கள் சொன்ன அளவுக்குக் கீழே போனால் வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறைகூட இறங்காத வீட்டுக்கு 300 ரூபாய் எல்லை வைத்தால் போதும்.

பழைய வண்டி வாங்கினால்

மலையில் ஜீப், ஆம்னி, பிக்கப் எல்லாம் பாதிக்கு மேல் கை மாறி ஓடுபவை. ஃபாஸ்டேக்கில் அதிகம் சிக்குவதும் இவைதான். டேக் இணைந்திருப்பது உரிமையாளரோடு அல்ல, பதிவு எண்ணோடு. பணம் போவதோ பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து. விற்றவர் டேக்கை மூடாமல் விட்டால், வாங்கியவர் சேலம் போய்வந்த காசு விற்றவருக்குக் குறுஞ்செய்தியாக வரும். அவர் எரிச்சலில் டேக்கைத் தடுத்துவிடுவார். வாங்கியவர் நடுவழியில் நிற்பார். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான் என்பதால் பழையது மூடப்படாமல் புதியதும் சரியாக ஓடாது.

முறை இதுதான். ஆர்சி பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடும் அன்றே, விற்பவர் தன் வங்கியில் டேக்கை மூடச் சொல்லி அந்த உறுதிச் செய்தியைக் காட்ட வேண்டும். மீதித் தொகையும் டெபாசிட்டும் அவருக்கே திரும்பும். பிறகு பழைய டேக்கைக் கண்ணாடியிலிருந்து பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இரண்டு டேக் அருகருகே இருந்தால் எதைப் படிப்பது என்று ரீடர் தடுமாறும். வாங்குபவர் எண்ணைப் பதியும்போது ஆர்சியில் உள்ளபடியே போட வேண்டும். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ‘ஓ’ என்ற எழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு தப்புதான் பின்னால் வருடாந்திரப் பாஸ் எடுக்கும்போது வந்து நிற்கும்.

புது வண்டியில் டீலர் சேசிஸ் எண்ணில் டேக் கொடுத்திருப்பார். 90 நாளுக்குள் பதிவு எண்ணைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தடை.

காய்கறி ஏற்றும் பிக்கப்காரர்களுக்குத் தனியாக ஒன்று. டேக்கில் வண்டியின் வகை எண் பதிந்திருக்கும்: கார், ஜீப், வேன் என்றால் 4, இலகு சரக்கு வாகனம் 5, டாடா ஏஸ் போன்ற குட்டி யானைகளுக்கு 20. கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டி வரை மட்டும் போய்த் திரும்புகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஈரோடு, சேலம் என்று லோடு போகும்போது, சாவடியில் அச்சையும் உருவத்தையும் அளக்கும் கருவி ஒன்று சொல்லும், டேக் வேறு சொல்லும். காருக்கான டேக் பிக்கப்பில் இருந்தால் கட்டண வித்தியாசத்தை வசூலிப்பார்கள், டேக் தடைபடவும் வாய்ப்புண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும்: ஏஸுக்கு 5 என்று தப்பாகப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆர்சி நகலோடு வங்கியில் சொன்னால் திருத்தித் தருவார்கள்.

வருடாந்திரப் பாஸ் யாருக்கு?

தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டாமல் தாண்ட உதவும் இந்தப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று 3000 ரூபாய்க்கு வந்தது. ஓர் ஆண்டு அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அது வரை. வெள்ளை போர்டு கார், ஜீப், வேனுக்கு மட்டும். மஞ்சள் போர்டு டாக்சிக்குக் கிடையாது. மலையில் பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவர்களை இது வெளியே நிறுத்திவிடுகிறது. அதிகம் இறங்கி ஏறுபவர்கள் அவர்கள்தான் என்பதால் இது பெரிய குறை.

சாவடியை ஒருமுறை தாண்டினால் ஒரு பயணம். போய்வந்தால் இரண்டு. ஊட்டியிலிருந்து சென்னைக்கு மேட்டுப்பாளையம், அன்னூர், அவினாசி வழியாகப் போனால் கணியூர் சாவடி தவிர்ந்துவிடும். பிறகு விஜயமங்கலம், வைகுந்தம், சேலம் தாண்டி மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர். ஆக எட்டு, போக வரப் பதினாறு. சாவடிக்குச் சராசரி 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 38ஆவது தாண்டலில் அந்த அறிமுக விலை 3000 ஈடாகிவிடும், அதாவது மூன்றாவது சென்னைப் பயணத்தில். 200 என்ற எண்ணிக்கை பன்னிரண்டு முறை சென்னை போய்வர வரும். வருடத்துக்கு மூன்று முறையாவது சென்னை போகும் வீட்டுக்கு எடுக்கலாம். பிள்ளை அங்கே படிக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கோவைக்கு மட்டும் போய்வரும் குடும்பத்துக்கு இந்தப் பாஸ் வீண். மேட்டுப்பாளையம் சாலையில் சாவடியே இல்லாதபோது எதற்கு இந்தச் செலவு? எப்போதாவது ஈரோடு போய் மறுநாளுக்குள் திரும்புவோருக்கும் சாதாரண டேக்கே லாபம்: 24 மணி நேரத்துக்குள் அதே சாவடியில் திரும்பினால் இரண்டாவது முறை பாதிக் கட்டணம்தான் போகும், அதுவும் தானாகவே. கூடலூர்க்காரர்கள் கணக்கு வேறு. குண்டலுப்பேட்டை வழியாக மைசூரு, பெங்களூரு என்று போகிறவர்களுக்கு மைசூரு பெங்களூரு விரைவுச்சாலைச் சாவடிகளிலும் பாஸ் செல்லும், அங்கே கட்டணமும் அதிகம். அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் ஈடாகும்.

எடுப்பது எளிது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்து, பாஸுக்கான பணத்தைக் கட்டினால் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் டேக்கிலேயே உயிர் பெறும். டேக் வாலட்டில் இருக்கும் பணத்திலிருந்து இதைக் கட்ட முடியாது. கட்டிய பணம் திரும்பாது, வேறு வண்டிக்கு மாற்றவும் முடியாது. மாநில நெடுஞ்சாலைச் சாவடி, பார்க்கிங் எல்லாம் வழக்கம்போல வாலட்டிலிருந்துதான் போகும். பாஸ் இருக்கிறதே என்று வாலட்டைக் காலியாக வைக்காதீர்கள்.

தப்பாகப் பிடித்தால்

ஊட்டியில் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது, தொப்பூரில் பணம் போனதாகக் குறுஞ்செய்தி. நம்ப முடியாததாகத் தோன்றினாலும் காரணம் எளிமையானது: சாவடியில் ஒரு வண்டியின் டேக் ஓடவில்லை, ஊழியர் எண்ணைக் கையால் தட்டியிருக்கிறார், ஓர் இலக்கம் மாறி உங்கள் எண் விழுந்திருக்கிறது. குறுஞ்செய்தியில் உள்ள நேரம், சாவடிப் பெயர், பரிவர்த்தனை எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு டேக் கொடுத்த வங்கியில் புகார் பதியுங்கள். 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணிலும் சொல்லுங்கள். அன்று வண்டி மலையில் இருந்ததற்கு ஆதாரம் என்றால் பெட்ரோல் பங்க் பில் போதும். சிறு தொகைதானே என்று விடாதீர்கள். எண்ணைத் தப்பாகத் தட்டிய சாவடிக்கு ஆணையம் ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ அபராதம் போடுகிறது. புகார் வந்தால்தான் அதுவும் நடக்கும்.

நம்பர் பிளேட்டே பில் ஆகும்போது

தடுப்பும் இல்லாமல், டேக்கும் கட்டாயம் இல்லாமல், நம்பர் பிளேட்டைக் கேமரா படித்து வீட்டுக்குப் பில் அனுப்பும் முறை வெளிநாட்டுப் பாலங்களில் பழையதாகிவிட்டது. சிட்னி ஹார்பர் பாலத்தில் 2009 முதல் ரொக்கம் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தில் 2013 மார்ச் 27 முதல். இரண்டிலும் தெற்கே போகும் திசையில் மட்டும்தான் கட்டணம். லண்டன் அருகே டார்ட்ஃபோர்டில் 2014 நவம்பர் முதல் இந்த முறை. அங்கே மறுநாள் நள்ளிரவுக்குள் நாமே இணையத்தில் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

பிள்ளைகளைப் பார்க்கக் கலிஃபோர்னியா போகும் குன்னூர், கோத்தகிரிப் பெற்றோர்கள் வாடகைக் கார் எடுத்தால் இதைக் கவனிக்க வேண்டும். பிளேட் பில் போவது பதிவு உரிமையாளருக்கு, அதாவது வாடகைக் கம்பெனிக்கு. அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். கோல்டன் கேட்டைப் பொறுத்தவரை தாண்டுவதற்கு 30 நாள் முன்பிருந்து, தாண்டிய 48 மணி நேரம் வரை பிளேட் எண்ணையும் தேதியையும் போட்டு நீங்களே கட்டலாம். தபாலில் பில் வரும்வரை விட்டால் டேக் வைத்திருப்பவரைவிட அதிகம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் டோல் திட்டம் சேர்ந்திருந்தால் இரண்டு முறை கட்டியதாகிவிடும். சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் தடுப்பில்லாச் சாவடிக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் குஜராத்தின் சோர்யாசி. கேமரா எண்ணைப் படிக்கும், ரீடர் டேக்கைப் படிக்கும், இரண்டும் பொருந்த வேண்டும். இது தெற்கே பரவும்போது மலை வண்டிகளுக்குத்தான் முதலில் அடி விழும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் வளைத்து வளைத்து எழுதிய பிளேட்டுகள், பாதி எண்ணை மறைக்கும் பம்பர் கம்பி, எஸ்டேட் சாலையின் செம்மண் அப்பிய பின்பக்கம். 8ஐ 3 என்று கேமரா படித்தால் பில் எங்கோ ஒருவருக்குப் போகும். அவர் புகார் செய்து ஓய்வதற்குள் உங்கள் பெயரில் பாக்கி ஏறியிருக்கும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்குப் பழைய வண்டிகளும் மாறலாம். எழுத்தின் அளவும் இடைவெளியும் அதில் ஒரே மாதிரி இருப்பதால் கேமராவுக்குச் சிக்கல் இல்லை.

மலைக்கு மேலே வருவதற்கான இ-பாஸும் இதே எண்ணைத்தான் நம்பியிருக்கிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்குக் கட்டாயம்; டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. வேறு மாவட்டப் பதிவு வைத்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் உள்ளூர் பாஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொந்த வீட்டுக்குத் திரும்பும்போது கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ நிற்க நேரும்.

மழைக்காலத்தில் இறங்குகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் அந்த டீ நிறுத்தத்திலேயே ஒரு ஈரத் துணியால் முன் பிளேட்டையும் பின் பிளேட்டையும் துடைத்துவிடுங்கள். டேக் ஒட்டிய கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால்.